நீலத் தொட்டியில் எதை, எப்படிப் போடுவது? கழுவினால் போதுமா?

பொங்கோல்வாசி (கேள்வி)

வணக்கம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் இருப்பவர்களுக்கான கேள்வி இது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் நான்கையும் ஒரே நீலத் தொட்டியில் போடச் சொல்கிறார்கள். புதிய புளோக்குகளில் மாடிதோறும் மறுபயனீட்டுக்கென்று தனிக் குழாயே இருக்கிறது. ஆனால் சமையலறையில் நிற்கும்போது ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சந்தேகம் வருகிறது.

சார்டின் டின்னை எவ்வளவு கழுவ வேண்டும்? சோப்பு போட வேண்டுமா? தேங்காய்ப்பால் பெட்டி, மசாலாத்தூள் பாக்கெட், நெய் பாட்டில், பிரியாணி டபாவ் (பார்சல்) கட்டிவரும் பழுப்புத்தாள், கறுப்பு பிளாஸ்டிக் டப்பா, இவற்றில் எது போகலாம், எது கூடாது? ஒரு பையில் கட்டிப் போடுவதா, அவிழ்த்துக் கொட்டுவதா?

இன்னொன்று. "எப்படியும் எல்லாம் கலந்துதானே போகிறது, கடைசியில் எரிக்கத்தான் செய்கிறார்கள்" என்று பலர் சொல்கிறார்கள். உண்மையில் என்ன நடக்கிறது? யாரோ ஒருவர் பாதி குடித்த பபிள் டீயைப் போட்டுவிட்டால் தொட்டி முழுவதும் வீணா?

---

சல்லடை

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது விளங்கிவிட்டால் பாதிச் சந்தேகம் தானாகவே தீரும்.

எல்லாம் எரிக்கப்படுவதில்லை. மறுபயனீட்டு லாரி வேறு, குப்பை லாரி வேறு. இரண்டும் பின்பக்கமாக வாங்கி அமுக்கும் லாரிகள் என்பதால் மாடியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். குப்பை லாரி எரியாலைக்குப் போகிறது. அங்கே எரிந்து, அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்து, சாம்பல் துவாஸிலிருந்து கடல்வழியாகப் புலாவ் செமக்காவு தீவின் குப்பை நிரப்பு நிலத்துக்குப் போகும். 1999-ல் திறந்த அந்த நிரப்பு நிலம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்பது இப்போதைய கணக்கு. நீலத் தொட்டியின் லாரி போவது பிரித்தெடுக்கும் ஆலைக்கு.

ஆலையில் லாரி முதலில் தரையில் கொட்டும். ஆட்கள் நின்று, மெத்தைத் துண்டு, உடைந்த குடை, சைக்கிள் டயர் மாதிரி அங்கே வரக்கூடாதவற்றை எடுத்துப் போடுவார்கள். மீதி கன்வேயரில் ஏறும். வரிசையாகச் சுழலும் தட்டுகளால் ஆன சல்லடை ஒன்று இருக்கும்: தட்டையான காகிதமும் அட்டையும் அதன் மேலே ஓடிவிடும், பாட்டிலும் டின்னும் உருண்டு கீழே பிரியும். பிறகு காந்தம் இரும்பு டின்களை இழுத்துக்கொள்ளும். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. அதற்குச் சுழல் மின்னோட்டக் கருவி. கேன் பட்டையின் முனைக்கு வந்ததும் துள்ளித் தனியே விழும். பிளாஸ்டிக்கை அகச்சிவப்பு ஒளி கொண்டு வகை பார்த்து, காற்றை ஊதித் தள்ளிப் பிரிப்பார்கள். எல்லா ஆலையிலும் எல்லாக் கருவியும் இருக்காது. கையால் பிரிக்கும் வேலை இன்னும் நிறைய உண்டு, அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வகைவகையாக அமுக்கிப் பேலாகக் கட்டுவார்கள். அதில் பெரும்பகுதி வெளிநாட்டு ஆலைகளுக்குக் கப்பலேறும்.

கப்பலேற வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம். 2018-ல் சீனா பல வகைக் கழிவுகளின் இறக்குமதியை நிறுத்தியது. 2021 ஜனவரியிலிருந்து, நாடுகளுக்கிடையே கழிவு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்பாட்டின்படி, அழுக்கேறிய கலப்பு பிளாஸ்டிக்கை இறக்குமதி நாட்டின் முன் ஒப்புதல் இல்லாமல் அனுப்ப முடியாது. முன்பு "கொஞ்சம் அழுக்கு, பரவாயில்லை" என்று வாங்கிக்கொண்டவர்கள் இப்போது வாங்குவதில்லை. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணக்கில், நீலத் தொட்டிகளில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு உதவாமல் போகிறது. அந்த 40 எரியாலைக்குப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் "எல்லாம் எரிகிறது" என்கிறார்கள்.

பபிள் டீக்கு வருவோம். தொட்டி முழுவதும் வீணாகாது. டின்னும் பாட்டிலும் தப்பிவிடும், மாட்டிக்கொள்வது காகிதம். கால் லிட்டர் திரவம் தொட்டியில் கவிழ்ந்தால் அடிவரை இறங்கும். அங்கே கிடக்கும் அட்டைகள் அதை உறிஞ்சும். லாரி அமுக்கும்போது அந்த ஈரமும் சர்க்கரையும் பக்கத்துப் புளோக்கின் காகிதத்துக்கும் ஏறும். ஈரக் காகிதம் கனத்துப்போய்ச் சல்லடையில் சரியாக ஓடாது. நம் ஊர் வெக்கையில் ஓரிரு நாளில் பூஞ்சை பிடிக்கும். எண்ணெய் ஏறிய காகிதம் அதைவிடக் கேடு. காகித ஆலையில் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கும்போது எண்ணெய் நாரோடு ஒட்டிக்கொண்டு, புதுத் தாளில் கறையாகவும் ஓட்டையாகவும் வெளிப்படும்.

ஆகவே, ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் "இது பளபளவென்று இருக்கிறதா" என்று கேட்க வேண்டாம். "இதைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு செய்தித்தாளின் மேல் வைத்தால் தாள் நனையுமா, கறை படுமா" என்று கேளுங்கள். நனையாது, படாது என்றால் போடலாம்.

---

மீனா_செங்காங்

சல்லடை சொன்னதை அப்படியே பிடிச்சுக்கிட்டு, சமையலறைப் பக்கம் நான் சொல்றேன்.

சார்டின் டின்: சோப்பு வேண்டாம். பாத்திரம் கழுவி முடிச்ச பிறகு சிங்க்ல மிஞ்சுற தண்ணி போதும். அரை டம்ளர் ஊத்தி, ரெண்டு சுழட்டு சுழட்டி, கொட்டிட்டு, கவுத்து வைங்க. குழம்பு ஓரத்துல காய்ஞ்சு ஒட்டியிருந்தா, பத்து நிமிஷம் தண்ணி ஊத்தி வச்சாலே விட்டுடும். திறந்த மூடியை முழுசா வெட்டி எடுத்தா, டின்னுக்குள்ளேயே போட்டு, டின் வாயை விரலால லேசா அமுக்கி நெளிச்சு விடுங்க. மூடி வெளியே வராது. அந்த மூடி விளிம்பு கத்தி மாதிரி. அங்கே கையால பிரிக்கிறவங்க கையுறையைக்கூட அது கிழிச்சிடும். மைலோ டின், பிஸ்கட் டின் எல்லாம் வெறும் தட்டித் துடைச்சாலே போதும், தண்ணியே வேண்டாம். பொடி இருக்கிற டின்ல தண்ணி ஊத்தினாத்தான் பிசுபிசுன்னு ஆகும்.

நெய் பாட்டில், கடலை வெண்ணெய் பாட்டில்: நேரா தண்ணியில காட்டாதீங்க, பரவித்தான் போகும். முதல்ல பழைய செய்தித்தாள் துண்டால உள்ளே வழிச்சு எடுங்க. அந்தத் துண்டு குப்பைக்கு. பிறகு ஒரு சொட்டு சோப்பு, கால் பாட்டில் வெந்நீர், மூடியை மூடி நல்லா குலுக்கி ஊத்துங்க. அதுக்கு மேல மெனக்கெட வேண்டாம். பிளாஸ்டிக் பாட்டில்னா வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வேண்டாம், சுருங்கிடும்.

தேங்காய்ப்பால் பெட்டி: பானப் பெட்டி மாதிரிதான். காகிதம், பிளாஸ்டிக், அலுமினியம் மூணும் ஒட்டின அட்டை. போடலாம். ஆனா கட்டிப்பால் நாலு மூலையிலும் உறைஞ்சு நிக்கும், வாய் வழியா கழுவினா வராது. மேல்பக்கத்தைக் கத்தரிக்கோலால நேரா வெட்டி, காது மாதிரி மடிஞ்சிருக்கிற மூலைகளைப் பிரிச்சு விட்டு, தட்டையாக்கி, குழாயில ஒரு தடவை காட்டி, பாத்திர ஸ்டாண்டுல சொருகி வைங்க. சாயங்காலம் காய்ஞ்சிடும். காயாம மடிச்சுப் போட்டா உள்ளே புளிச்சு, பக்கத்துல இருக்கிற காகிதமெல்லாம் நாறும்.

மசாலாத்தூள் பாக்கெட், முறுக்கு பாக்கெட், சிப்ஸ் பாக்கெட்: வேண்டாம். கையில கசக்கிப் பாருங்க. கசக்கின மாதிரியே உருண்டையா நின்னா அது அலுமினியத்தாள். மெதுவா விரிஞ்சு எழுந்தா அது உலோகப் பூச்சு பூசின பிளாஸ்டிக், பல அடுக்கா ஒட்டினது, பிரிக்க முடியாது, குப்பைக்குத்தான். சுத்தமான அலுமினியத்தாளைப் போடலாம், ஆனா துண்டு துண்டாப் போட்டா சல்லடை இடுக்குல விழுந்துடும். சேர்த்து வச்சு, கைப்பிடி அளவு உருண்டையாப் பிடிச்சுப் போடுங்க.

பிரியாணி, நாசி லெமாக் கட்டி வர்ற பழுப்புத்தாள்: பார்க்கக் காகிதம் மாதிரி இருக்கும். ஓரத்துல மெதுவாக் கிழிச்சுப் பாருங்க. தாள் கிழிஞ்ச பிறகும் ஒரு மெல்லிய சவ்வு இழுபட்டு நிக்கும். அதான் உள்பக்கம் இருக்கிற பிளாஸ்டிக் பூச்சு. அது இல்லேன்னாலும் எண்ணெய்யும் குழம்பும் ஊறின தாள். குப்பைக்குழாய்தான் அதுக்கு இடம். சந்தேகமே வேண்டாம்.

பீட்சா பெட்டியை ரெண்டாக் கிழிங்க. எண்ணெய் படாத மூடி நீலத் தொட்டிக்கு, அடிப்பாகம் குப்பைக்கு. முட்டை அட்டை, டாய்லெட் பேப்பர் உருளை எல்லாம் போடலாம். டிஷ்யூ மட்டும் சுத்தமா இருந்தாலும் கூடாது, அதோட நார் ஏற்கெனவே ரொம்பக் குட்டை.

---

பழையகாகிதம்

மீனா சொன்னவற்றோடு உடன்படுகிறேன். பிளாஸ்டிக் பைகள் விஷயம் விட்டுப்போயிற்று, அதில்தான் தவறு அதிகம் நடக்கிறது.

அதிகாரபூர்வப் பட்டியலில் பிளாஸ்டிக் பைகளுக்கு இடம் உண்டு. ஆனாலும் உதிரியாகப் போடாதீர்கள். சல்லடை சொன்ன அந்தச் சுழலும் தட்டுகளின் அச்சில் பை சுற்றிக்கொள்ளும். பத்து, இருபது பை சுற்றியதும் இடைவெளி அடைபட்டு, காகிதமும் பாட்டிலும் ஒன்றாக ஓடத் தொடங்கும். வேலையை நிறுத்தி, ஆள் உள்ளே இறங்கிக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். காய்ந்த சுத்தமான பைகளை மட்டும் சேர்த்து, ஒரே பைக்குள் திணித்து, பந்து மாதிரி இறுக்கிக் கட்டிப் போடுங்கள். முன்வரிசையில் நிற்பவர் கையால் ஒரே எடுப்பில் எடுத்துவிடுவார். காப்பி வாங்கிவரும் பையும் கயிறும் இதில் சேராது. பால் ஒட்டிய பை நேரே குப்பைக்கு.

அதே காரணத்தால், மற்றப் பொருள்களைக் கறுப்புக் குப்பைப் பையில் கட்டிப் போடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பையைப் பிரித்துப் பார்க்க நேரம் இருக்காது. ஊசியோ அழுகிய சாப்பாடோ இருக்கலாம் என்று ஒதுக்கிவிடுவார்கள். நீங்கள் கழுவிக் காயவைத்த அத்தனையும் அதோடு போகும். வீட்டில் ஒரு பெட்டியில் சேர்த்து, கீழே கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டுப் பெட்டியைத் திருப்பி எடுத்துவருவதுதான் சரி. 2023-ல் சமூக மன்றங்களில் கொடுத்த மடக்குப் பெட்டி அதற்காகத்தான். அது இல்லையென்றால் எந்த அட்டைப்பெட்டியும் ஆகும்.

கறுப்பு டப்பா: சாயத்தில் கரிப்பொடி கலந்திருக்கும். அது அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் கருவியின் கண்ணுக்கு அந்த டப்பா தெரியவே தெரியாது. பிளாஸ்டிக் வகை நல்லதாக இருந்தும் கழிவோடு கழிவாக ஓடிவிடும். கழுவி, மளிகை போட்டு வைக்கவோ ஃபிரிட்ஜில் மாவு வைக்கவோ முடிந்தவரை பயன்படுத்துங்கள். நிறமில்லாத மூடியைத் தனியே கழற்றித் தொட்டியில் போடலாம்.

குழாய் உள்ள புளோக்குகளுக்கு ஒரு வார்த்தை. 2014-லிருந்து விற்பனைக்கு வந்த வீவக திட்டங்களில் இந்தத் தனிக் குழாய் உண்டு. இணையத்தில் வாங்கிய பொருளின் பெட்டியை மடிக்காமல் திணிப்பதுதான் அடைப்புக்கு முதல் காரணம். வாயில் எப்படியோ அழுத்தி நுழைத்துவிடலாம், உள்ளே போனதும் அட்டை விரிந்து குறுக்கே நிற்கும், மேல்மாடிகளிலிருந்து வருவதெல்லாம் அதன்மேல் ஏறும். ஒட்டுநாடாவைக் கீறி, தட்டையாக்கி, குழாய் வாயின் அகலத்தில் பாதிக்கு வெட்டிப் போடுங்கள். பெரிய பெட்டி என்றால் மடித்துக் கீழே தொட்டிக்கே கொண்டுபோங்கள். கண்ணாடிப் பாட்டிலைப் பத்தாவது மாடியிலிருந்து குழாயில் விடுவது நல்லதில்லை. அடியில் நொறுங்கி, சில்லுகள் அட்டையில் குத்திக்கொள்ளும், பிறகு அந்த அட்டையும் ஆகாது. பக்கத்தில் தொட்டி இருந்தால் கீழே போகும்போது எடுத்துப்போய் மெதுவாக வையுங்கள்.

---

பொங்கோல்வாசி

மூவருக்கும் மிக்க நன்றி. செய்தித்தாள் சோதனை, கிழித்துப் பார்க்கும் சோதனை இரண்டும் உடனே கைக்கு வந்துவிட்டன. இன்னும் சில: நல்லெண்ணெய் பாட்டில், அரிசிச் சாக்கு, மாத்திரை அட்டை, உடைந்த பீங்கான் தட்டு, பழைய சார்ஜர். பிறகு, தண்ணீர் பாட்டிலும் கேனும் இனி நீலத் தொட்டிக்கா, பத்துக்காசு இயந்திரத்துக்கா? தொட்டி நிரம்பியிருந்தால் பக்கத்தில் வைக்கலாமா?

---

சல்லடை

ஒவ்வொன்றாக.

நல்லெண்ணெய் பாட்டில்: இரவு முழுவதும் வேறொரு கிண்ணத்தில் கவிழ்த்து வையுங்கள், ஒரு கரண்டி எண்ணெய் இறங்கும், அதைச் சமையலுக்கே எடுத்துக்கொள்ளலாம். பிறகு மீனா சொன்ன வெந்நீரும் ஒரு சொட்டு சோப்பும். மூடியைத் திருகியே போடுங்கள், தனி மூடி சின்னதாக இருப்பதால் சல்லடையில் தவறிவிடும். வறுத்து மிஞ்சிய எண்ணெயை மட்டும் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாயில் கட்டியாகப் படியும். கசக்கிய செய்தித்தாளில் ஊறவைத்து, பையில் கட்டிக் குப்பைக்குப் போடுங்கள்.

அரிசிச் சாக்கு: பிளாஸ்டிக் நாரால் நெய்தது. பைகளைப் போலவே அச்சில் சுற்றிக்கொள்ளும், நூல் பிரிந்தால் இன்னும் மோசம். தொட்டியில் போடாமல் வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை அட்டை: பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டியது, குப்பைக்கு. வெளியே இருக்கும் காகிதப் பெட்டியும் உள்ளே மடித்த தாளும் நீலத் தொட்டிக்கு.

பீங்கான், அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரம், முகக்கண்ணாடி: மூன்றும் கூடாது. பாட்டில் கண்ணாடி உருகும் சூட்டில் முதல் இரண்டும் உருகாது. உலையில் கல்லாக நின்று, புதுப் பாட்டிலில் பலவீனமான புள்ளியாக உட்கார்ந்துவிடும். ஒரு பீங்கான் துண்டு நல்ல கண்ணாடி ஒரு குவியலையே கெடுக்கப் போதும். நான்கைந்து தாளில் நன்றாகச் சுற்றிக் குப்பையில் போடுங்கள்.

சார்ஜர், பேட்டரி, பழைய கைப்பேசி: எந்தக் காரணத்தாலும் நீலத் தொட்டியில் வேண்டாம். லித்தியம் பேட்டரி லாரியில் அமுக்கப்படும்போது நசுங்கிச் சூடேறித் தீப்பிடிக்கும். சுற்றிலும் காய்ந்த காகிதம் இருக்கும் இடம் அது. 2021 ஜூலையிலிருந்து மின்கழிவுக்கென்று தனி ஏற்பாடு இருக்கிறது. கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் அதற்கான தொட்டிகளைப் பார்க்கலாம்.

பத்துக்காசு: 2026 ஏப்ரல் 1-ல் தொடங்கிய திட்டத்தில், 150 மில்லி முதல் 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் உலோகக் கேனுக்கும் 10 காசு முன்பணம்; வாங்கும்போது கட்டியதைக் காலிப் பாட்டிலை இயந்திரத்தில் போட்டால் திரும்பப் பெறலாம். முன்பணம் உண்டு என்று காட்டும் வைப்புக் குறி இருந்தால் இயந்திரத்துக்கே கொண்டுபோங்கள். காசுக்காக மட்டும் சொல்லவில்லை. அங்கே பாட்டில் தனியாகவே சேர்வதால் காகித அழுக்கும் கண்ணாடிச் சில்லும் படாது, மீண்டும் பானப் பாட்டிலாகவே மாற வாய்ப்பு அதிகம். இதற்கு மட்டும் பழைய பழக்கத்தை மாற்ற வேண்டும்: நசுக்காதீர்கள், லேபிளை உரிக்காதீர்கள். பட்டைக்குறியை இயந்திரம் படிக்க முடியாவிட்டால் திருப்பித் தள்ளிவிடும். கண்ணாடிப் பாட்டிலும் பானப் பெட்டியும் இந்தத் திட்டத்தில் இல்லை, அவை எப்போதும்போல் நீலத் தொட்டிக்கு.

---

மீனா_செங்காங்

தொட்டி நிரம்பியிருந்தா பக்கத்துல வைக்காதீங்க. ஒரு மழை பெய்ஞ்சா அட்டை கூழாயிடும். ஒரு பையைப் பார்த்தா அடுத்தவங்க அங்கேயே சோபாவையும் மெத்தையையும் கொண்டுவந்து வைப்பாங்க (பெரிய சாமானுக்கு நகர மன்றத்தைக் கூப்பிட்டா வந்து எடுத்துப்பாங்க). தொட்டி மேல ஒட்டியிருக்கிற தாள்ல அள்ளுற நிறுவனத்தோட தொலைபேசி எண் இருக்கும். புளோக் எண்ணையும் சொல்லி, நிரம்பிப் போச்சுன்னு சொல்லுங்க. திரும்பத் திரும்ப நிரம்பினா அதையும் சொல்லுங்க, தொட்டி எண்ணிக்கையைக் கூட்ட அவங்களுக்கு அந்த விவரம்தான் வேணும். அதுவரைக்கும் உங்க பெட்டி வீட்டுலேயே இருக்கட்டும். எல்லாம் காய்ஞ்சு இருந்தா ஒரு வாரம் வச்சாலும் வாடை வராது, எறும்பும் வராது. எறும்பு வந்துச்சுன்னா, எந்த டின் சரியாக் கழுவலைன்னு அதுவே காட்டிக் கொடுத்துடும், அதை மட்டும் எடுத்து இன்னொரு தடவை தண்ணி காட்டுங்க.